பால் ரொபி லேசுதான், ஆனா கிண்டுறது ஆர்?

மார்கழி பிறந்தாக் காணும், எங்கட கைபேசிகளில ஒரே மாதிரியான காணொளிகள் வரிசையா வரத் தொடங்கிவிடும். "மூண்டே பொருளில பால் ரொபி", "பத்து நிமிசத்தில பால் ரொபி", "ஆரும் செய்யலாம், அவ்வளவு லேசு". தாச்சியில சீனி விழும், ரின்பால் விழும், அடுத்த கணம் சதுரம் சதுரமா வெட்டின ரொபி தட்டில இருக்கும். இடையில போன முப்பது, நாற்பது நிமிசத்தைக் காணொளியில வெட்டி எடுத்துவிடுவினம். அவ்வளவு நேரமும் ஒரு கை நிப்பாட்டாமல் கிண்டிக்கொண்டு இருந்திருக்கும். அந்தக் கை ஆரின்ர கை எண்டதைப் பற்றித்தான் நாங்கள் இஞ்ச கதைக்க வாறம்.

எங்கட நிலைப்பாட்டை முதலிலயே சொல்லிவிடுறம். விடுமுறைக்கு வீட்டில பால் ரொபி செய்யவேணும். அதை இதுவரைக்கும் குசினிப் பக்கம் எட்டிப் பாராத ஆக்கள் செய்யவேணும். குறிப்பா எங்கட வயசுப் பெடியள்.

யாழ்ப்பாணத்துப் பலகாரங்களுக்குள்ள பால் ரொபிக்கு ஒரு தனி இடம் இருக்கு. அரியதரம் சுடுறதெண்டால் அரிசி ஊறப்போட்டு, இடிச்சு, அரிச்சு, பாகு காய்ச்சிப் பதம் பார்க்கவேணும். பயத்தம் பணியாரத்துக்குப் பயறு வறுத்துத் திரிக்கவேணும். முறுக்குக்கு உரல் பிழியக் கைப்பலம் வேணும். இதெல்லாம் வருசக்கணக்கில பக்கத்தில நிண்டு பழகிற வேலை. பால் ரொபிக்கு அப்படி முன்னாயத்தம் ஒண்டும் இல்லை. ஒரு ரின், கொஞ்சச் சீனி, ஒரு தாச்சி, ஒரு தட்டு. பாலன் பிறப்புக்கு குருநகர், பாஷையூர், இளவாலைப் பக்கத்து வீடுகளில கேக்கோடு சேர்ந்து வாறதும் இதுதான். தீபாவளிக்கும் சித்திரை வருசத்துக்கும் சைவ வீடுகளில முறுக்குக்குப் பக்கத்தில இருக்கிறதும் இதுதான். பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு வகுப்பில குடுக்கிறதும் இதுதான். சமயம் பார்க்காமல் எல்லா வேலியையும் கடந்து போற பலகாரம் எண்டு சொல்லலாம்.

ஆனா தட்டம் வேலி கடந்து போகேக்க அதைக் கிண்டின ஆளின்ர பேர் பெரும்பாலும் ஒண்டாத்தான் இருக்கும். "அம்மா செய்தவ." சில வீடுகளில அக்கா, அம்மம்மா, அன்ரி. நத்தாருக்கு முதல் நாள் வீடு கழுவி, திரைச்சீலை மாத்தி, நாளைக்குச் சமைக்கிறதுக்கும் ஆயத்தம் செய்து முடிச்சுப்போட்டு, இரவு பத்து மணிக்கு அடுப்படியில நிண்டு ரொபி கிண்டுறது ஆர் எண்டு ஒவ்வொருத்தரும் தங்கட வீட்டை நினைச்சுப் பார்த்தால் போதும். இலங்கையின் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் முதல் தடவையாக நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. சம்பளம் இல்லாத வீட்டுவேலையில ஆண்களை விடப் பெண்கள் மிகக் கூடுதலான நேரம் செலவழிக்கினம் எண்டது அதில தெளிவா வந்தது. எங்கட அம்மாக்களுக்கு அந்த ஆய்வு தேவையில்லை. எங்களுக்குத்தான் தேவை.

இப்பிடிக் கதைக்கத் தொடங்கினால் சிலர் வேற பக்கம் இழுப்பினம். "பால் ரொபி எங்கட பலகாரமே இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, அதை விட்டுட்டுப் பனங்கட்டியைச் சாப்பிடுங்கோ" எண்டு. இதுக்கும் பதில் சொல்லத்தான் வேணும்.

பால் ரொபியின்ர வேர் வெளியில இருக்கிறது உண்மைதான். ரின்பாலுக்கு வழிவிட்ட, பாலைச் சுண்டவைக்கிற முறைக்கு அமெரிக்காவில கெயில் போர்டன் 1856இல் காப்புரிமை எடுத்தார். குளிர்சாதனப் பெட்டி இல்லாத ஊர்களுக்குப் பால் போய்ச் சேர்ந்த வழிகளில அந்த ரின்னும் ஒண்டு. இங்கிலீசுக்காரரின்ர ரொபி பட்டரும் சீனியும் சேர்த்து நல்லா முறுகக் காய்ச்சினது. கடிச்சால் பல்லில 'கடக்' எண்டு உடையும். எங்கட பால் ரொபி அப்படி இல்லை. வாயில வைச்சால் மாப்போலக் கரையவேணும். ஸ்கொட்லாந்தில 'டப்லெட்' எண்டு ஒரு இனிப்பு இருக்கு. சீனி, ரின்பால், பட்டர் சேர்த்துக் கிண்டி, அடிச்சு, தட்டில ஊத்தி வெட்டுறது. எங்கட ரொபியின்ர கிட்டின சொந்தம் அதுதான். கஜுவும் ஏலக்காயும் போட்டு அதை இந்தத் தீவு முழுக்கச் சொந்தமாக்கி வைச்சிருக்கினம். சிங்கள வீடுகளில 'கிரி டொபி' எண்டு புதுவருசத்துக்குச் செய்யிறதும் இதைத்தான்.

பிறேசிலில ரின்பால், கொக்கோ, பட்டர் சேர்த்துக் கிண்டி உருட்டுற ஒரு இனிப்புக்கு 'பிரிகதெய்ரோ' எண்டு பேர். பிரிகேடியர் எண்டதுதான் அர்த்தம். 1945 சனாதிபதித் தேர்தலில விமானப்படை பிரிகேடியர் எடுவார்டோ கோமஸ் போட்டியிட்டார். அவருக்கு ஆதரவா வேலை செய்த பெண்கள் இந்த இனிப்பைச் செய்து விற்றுக் காசு சேர்த்ததாலதான் இந்தப் பேர் வந்தது எண்டு அங்க பரவலாச் சொல்லுவினம். பிரிகேடியர் தேர்தலில தோத்துப்போனார், அவரின்ர பேர் மட்டும் இனிப்பில நிலைச்சுப்போச்சு. அடுப்படியில நிண்டு கிண்டின பெண்களின்ர பேர் ஒண்டும் அதில இல்லை. தூரத்து ஊர்க் கதைதான், ஆனா எங்களுக்கு நல்லாப் பழகின கதை.

பனங்கட்டிக்கு வருவம். பனங்கட்டி எங்கட மண்ணின்ர இனிப்பு, சந்தேகமே இல்லை. முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசி, புளிக்காமல் இறக்கின கருப்பநீரைக் காய்ச்சி, பனையோலைக் குட்டானில ஊத்தி எடுக்கிறது. இதுக்காகக் காலையும் மாலையும் மரம் ஏறுற ஒரு தொழிலாளி இருக்கிறார். பதநீர் இறங்கின பிறகு அதை மணிக்கணக்கா அடுப்பில வைச்சுக் காய்ச்சுறது பெரும்பாலும் அவரின்ர வீட்டுப் பெண்கள். அதனால பனங்கட்டிக்கு மாறினவுடன கிண்டுற கையைப் பற்றின கேள்வி இல்லாமல் போகாது. புகை கூடின இன்னொரு அடுப்படிக்கு அது இடம் மாறும், அவ்வளவுதான். பனங்கட்டி வாங்குங்கோ, குடுக்கவேண்டிய விலையைக் குடுத்து வாங்குங்கோ. எந்தப் பலகாரம் 'தூய தமிழ்ப் பலகாரம்' எண்டு தீர்ப்புச் சொல்லுறதுக்கு முதல், அதை ஆர் செய்யினம் எண்டு பார்க்கவேணும் எண்டதுதான் எங்கட வாதம்.

இந்தக் குடாநாட்டில இனிப்பு எண்டது எப்பவும் லேசாக் கிடைச்ச பொருளும் இல்லை. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கினதோடு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பட்ட பாட்டை எங்கட வீட்டுப் பெரியாக்களைக் கேட்டால் சொல்லுவினம். உள்ளங்கையில ஒரு துண்டுப் பனங்கட்டியை வைச்சுக் கடிச்சுக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிச்ச தலைமுறை அது. பிறகு 2006 ஆகஸ்டில ஏ9 வீதி மூடப்பட்டது. கப்பலில வந்த சாமானுக்காகச் சங்கக்கடை வாசலில வரிசையில நிண்டவை. எங்களில கனபேர் அப்ப கதைக்கப் பழகிக்கொண்டிருந்த வயசு.

எங்கட நினைவிலயே இருக்கிற காலம் 2021, 2022. 2021 ஆகஸ்ட் கடைசியில சீனி, அரிசி பதுக்கலைத் தடுக்க எண்டு அவசரகால ஒழுங்குவிதிகளே வந்தன. பால்மாவுக்கு வரிசை. 2021 ஒக்டோபருக்கு முதல் 1,500 ரூபாய்க்குக் கிட்ட இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில 4,860 ரூபாய்க்குப் போச்சு. 2021 கார்த்திகை, மார்கழியில நாடு முழுக்க எரிவாயு அடுப்பு வெடிச்ச செய்திகள் வந்துகொண்டிருந்தன. அந்த நத்தாருக்கும் கனவீடுகளில ஏதோ ஒரு இனிப்பு இருந்தது. விறகடுப்பைத் திரும்ப மூட்டி, ரின்பாலைக் குறைச்சுத் தேங்காயைக் கூட்டி, ஒரு தட்டுக்குப் பதிலா அரைத் தட்டுச் செய்து சமாளிச்சவை இருந்தவை. தட்டுப்பாட்டைப் பண்டிகையா மாத்தின அந்த வேலைக்கு ஒரு கணக்கும் இல்லை, ஒரு நன்றியும் இல்லை. "எப்பிடியோ சமாளிச்சம்" எண்டு வீட்டில எல்லாருமாச் சேர்ந்து சொல்லுறம். சமாளிச்சது ஆர்?

சரி, இனி செய்யிற விசயம். பால் ரொபியை நாங்கள் தெரிவு செய்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. கூட்டாச் செய்தால்தான் நல்லா வாற பலகாரம் இது. தனிய ஒராள் செய்தால் கை உளையும், அவசரத்தில பதம் தப்பும். மூண்டு பேர் நிண்டால் ஒருதருக்கும் கஸ்ரம் இல்லை.

ஒரு ரின்பால் (390 கிராம் அளவு), 500 கிராம் சீனி, அரைக் கப் தண்ணி, 50 கிராம் பட்டர், ஒரு பிடி கஜு, நாலைந்து ஏலக்காய் அல்லது ஒரு தேக்கரண்டி வனிலா. அடி தடிச்ச தாச்சி கட்டாயம் வேணும். ரொபி ஊத்துற தட்டுக்கு முதலே பட்டர் பூசி வையுங்கோ. கடைசி நேரத்தில அதைத் தேடி ஓட நேரம் இருக்காது.

முதல் ஆள் சீனியையும் தண்ணியையும் சின்ன நெருப்பில வைச்சு, ஒரு மணி கூட மிஞ்சாமல் கரைக்கவேணும். இதில அவசரப்பட்டால் ரொபி நறநற எண்டு மணல்போல வரும். கரைஞ்ச பிறகு ரின்பாலையும் பட்டரையும் சேர்க்கலாம். இனித்தான் வேலை. இரண்டாம் ஆளும் மூண்டாம் ஆளும் ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கா கை மாத்தி, தட்டகப்பையால எட்டுப் போடுற மாதிரி அடியைத் தொட்டுக் கிண்டவேணும். நிப்பாட்டினால் பால் அடிப்பிடிக்கும், கருகல் மணம் முழுத் தாச்சிக்கும் ஏறிவிடும்.

கிண்டக் கிண்டத் தண்ணி ஆவியாப் போகும், கலவையின்ர சூடு மெல்ல மெல்ல ஏறும். 112 முதல் 116 பாகை செல்சியஸுக்குள்ள வந்தால் பதம் சரி. வெப்பமானி இல்லாட்டிக் கவலை இல்லை. ஒரு கிண்ணத்தில பச்சைத்தண்ணி வைச்சு, ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோ. கரைஞ்சு போனால் இன்னும் நேரம் இருக்கு. விரலால உருட்ட மெத்தெண்ட உருண்டையா வந்தால் உடன இறக்குங்கோ. கலவை ஓரம் விட்டுச் சுருண்டு வாறதும், குமிழி தடிச்சு வெடிக்கிறதும், நிறம் வெளிர் மண்ணிறமா மாறுறதும் கூட வாற அடையாளங்கள்.

இறக்கினதும் கஜுவையும் ஏலக்காயையும் போட்டு ஒன்றிரண்டு நிமிசம் நல்லா அடிக்கவேணும். அப்பதான் சீனி மெல்லிய மணியா உறைஞ்சு, வாயில வைச்சவுடன கரையிற பதம் வரும். மேல் பளபளப்பு மங்கத் தொடங்கினதும் தட்டில ஊத்துங்கோ. ஒராள் தாச்சியைச் சரிச்சுப் பிடிக்க, மற்ற ஆள் வழிச்சு விடவேணும். எண்ணெய்த்தாளை மேல போட்டுப் போத்தலால உருட்டி மட்டமாக்கி, இளஞ்சூட்டிலயே வெட்டுங்கோ. ஆறவிட்டு வெட்டினால் உதிரும். சின்னத் துண்டா வெட்டினால் அறுபது வரைக்கும் வரும்.

இளகிப் போச்சுதெண்டால் திரும்ப அடுப்பில வைச்சுக் கிண்டலாம். இறுகி உதிர்ந்து போச்சுதெண்டால் ரண்டு மூண்டு மேசைக்கரண்டி தண்ணி விட்டு இளக்கித் திரும்பப் பதம் பார்க்கலாம். வீட்டில கொட்டுற அளவுக்கு ஒண்டும் கெட்டுப்போறதில்லை. ஒரு விசயத்தில மட்டும் கவனம். கொதிக்கிற சீனிப்பாகு கொதிதண்ணியை விடச் சூடு, தோலில ஒட்டினால் லேசில விடாது. சின்னப் பிள்ளையளைத் தாச்சிக்குக் கிட்ட விடாதேங்கோ. பட்டுதெண்டால் இருபது நிமிசம் குழாய்த் தண்ணியில பிடியுங்கோ. மார்கழி எங்களுக்கு மாரிகாலம்; ஈரக்காத்துப் பட்டால் ரொபி வேர்க்கும். ஆறினவுடன காத்துப் புகாத பேணியில அடையுங்கோ. வீட்டில சீனி வருத்தக்காரர் இருந்தால் துண்டைச் சின்னதாக்குங்கோ, அல்லது அரை அளவு செய்யுங்கோ. இது பண்டிகைக்கு ஒரு துண்டு சாப்பிடுற சாமான், நாளாந்தச் சாப்பாடு இல்லை.

இதை வாசிச்சிட்டு "அம்மாக்கு இதெல்லாம் விருப்பம், அவ சந்தோசமாத்தான் செய்யிறா" எண்டு சிலர் சொல்லுவினம். இருக்கலாம். கனபேருக்குச் சமைக்கிறதில உண்மையாவே ஒரு ஈடுபாடும் பெருமையும் இருக்கு, அதை நாங்கள் மறுக்கேல்லை. ஆனா விருப்பம் எண்டதைப் பார்க்கவேணுமெண்டால், செய்யாமல் விடுறதுக்கும் அவவுக்கு இடம் இருக்கவேணும். ஒரு வருசம் "எனக்கு ஏலாது, இந்தமுறை ரொபி இல்லை" எண்டு சொன்னால் வீட்டில என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. "அம்மாவின்ர கைப்பக்குவம் ஆருக்கும் வராது" எண்ட புகழ்ச்சியிலயும் எங்களுக்குச் சந்தேகம் இருக்கு. அது நல்ல வார்த்தைதான். ஆனா அதைச் சொல்லிப்போட்டுத் திரும்பவும் விறாந்தையில போய் இருக்கிறதுக்கு அது ஒரு வசதியான வழியும்தான். பக்குவம் எண்டது கிண்டக் கிண்ட வாறது.

"கடையில வாங்கினால் முடிஞ்சுதே" எண்டும் கேப்பினம். வாங்குங்கோ, பிழையில்லை. நேரம் இல்லாதவை இருக்கினம். ஆனா அங்கயும் ஒரு கை இருக்கு. எங்கட ஊர்க் கடைகளில போத்தலுக்குள்ள இருக்கிற பால் ரொபியில கனக்க, ஏதோ ஒரு வீட்டுக் குசினியில ஒரு பெண் கிண்டி, வெட்டி, சுத்திக் குடுத்ததுதான். போரில துணையை இழந்து குடும்பத்தைத் தனிய இழுக்கிற பெண்களும் அதில இருக்கினம். இப்ப எங்கட வயசுப் பிள்ளையளும் வட்ஸ்அப்பில ஓடர் எடுத்துச் செய்யினம். அவையள் அடிக்கடி கேக்கிற வசனம், "வீட்டில சும்மா இருந்துதானே செய்யிறியள், ஏன் இவ்வளவு விலை?"

அந்த விலையை நீங்களே ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. ரின்பால், சீனி, பட்டர், கஜு. எரிவாயு. 2023 நவம்பரில ஒரு கிலோ சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட வரி 25 சதத்தில இருந்து ஒரே நாளில 50 ரூபாய்க்கு ஏறினது. கடைக்காரர் அடுத்த நாளே விலையைக் கூட்டலாம். ரொபி கிண்டுறவ ஒரு ரூபாய் கூட்டினால் "போன முறை இவ்வளவில்லையே" எண்டு கேப்பம். பிறகு நாற்பது நிமிசக் கிண்டல். அறுபது துண்டு வெட்டி, ஒவ்வொண்டாத் தாளில சுத்த இன்னொரு மணித்தியாலம். இந்தக் கடைசி இரண்டையும் எங்கட கணக்கில பூச்சியம் எண்டு போட்டுப் பழகியிருக்கிறம். வீட்டில அம்மாவின்ர கைக்குப் பூச்சியம் போட்டுப் பழகினதாலதான் வெளியில விக்கிற பெண்ணின்ர கைக்கும் பூச்சியம் போடுறம். ஒருக்கா முழுசாக் கிண்டிப் பார்த்த ஆள் அந்தப் பெண்ணிட்டப் பேரம் பேசுறதுக்கு முதல் கொஞ்சம் யோசிக்கும். அதுக்காகவும் தான் எல்லாரும் ஒருக்காவாவது கிண்டவேணும் எண்டு சொல்லுறம்.

ஒரு தட்டு ரொபியால வீட்டில எல்லாம் சமமாகிவிடும் எண்டு நாங்கள் கனவு காணேல்லை. வருசத்தில ஒருநாள் அகப்பை பிடிச்சுப் படம் எடுத்துப் போட்டிட்டு, மிச்ச 364 நாளும் கோப்பை கழுவாமல் எழும்பிப் போறதிலயும் அர்த்தமில்லை. ஆனா ஏதோ ஒரு இடத்தில தொடங்கவேணும். குசினிக்கே போகாத ஒராளுக்குச் சோறு கறியில தொடங்குறது பயமா இருக்கும். பால் ரொபியில தொடங்கலாம். பொருள் கொஞ்சம், தாச்சி ஒண்டு, பிழைச்சாலும் திருத்தலாம், முடிவில ஊருக்கே குடுக்கலாம்.

அதனால விடுமுறைக்கு வீட்டில நிக்கிற தம்பிமாருக்கும் அண்ணாமாருக்கும் ஒரு வேலைத்திட்டம். சாமான் பட்டியலை அம்மாவிட்டக் கேக்காமல் நீங்களே எழுதுங்கோ. கடைக்கு நீங்களே போங்கோ. இரண்டு பேரைச் சேருங்கோ, அப்பா சும்மா இருந்தால் அவரையும் கூப்பிடுங்கோ. அம்மாவுக்கு ஒரு கதிரை போட்டு, "பதம் சரியோ?" எண்டு மட்டும் கேளுங்கோ. தட்டம் அடுத்த வீட்டுக்குப் போகேக்க, செய்தது ஆர் எண்டு கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கோ. எல்லாம் முடிஞ்ச பிறகு தாச்சியில சுடுதண்ணி விட்டு ஊறப்போட்டு, ஒட்டின சீனியைச் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கோ. காணொளிகளில இதுவும் வராது.